போர்முனைக்குச் சென்ற கோடம்பாக்கம்

போர்க்காலத்திலும் படைவீரனின் நாள் முழுவதும் சண்டையில் கழிவதில்லை. காவல் மாறும் இடைவெளி, அடுத்த கட்டளைக்கான காத்திருப்பு, போர்நிறுத்தத்துக்குப் பின்னும் எல்லையை விட்டு நகராமல் நிற்கும் காலம் என அதில் வெற்று நேரமே மிகுதி என்பதால், அதை நிரப்புவதையும் படைத்துறை தன் பொறுப்பாகவே கொண்டுள்ளது. இந்தியத் தரைப்படையில் மாலை விளையாட்டு ‘கேம்ஸ் பரேட்’ எனப்படும். விரும்பியவர் மட்டும் ஆடும் பொழுதுபோக்காக அல்லாமல், அணிவகுப்பைப் போலவே அனைவரும் வந்து சேர வேண்டிய கடமை நேரம் அது. வலை கட்டச் சிறிது சமதளமே போதும் என்பதால் எல்லை முகாம்களுக்குக் கைப்பந்து ஏற்ற ஆட்டமாயிற்று. அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்துண்ணும் ‘படாகானா’ என்னும் விருந்தும் இத்தகைய ஏற்பாடுதான்.

ஆட்டத்துக்கு ஆணையிடலாம், சிரிப்புக்கு ஆணையிட முடியாது. பிரிட்டன் 1939இல், படைவீரர்களிடம் கலைஞர்களை அனுப்புவதற்கென்றே ‘என்சா’ என்ற அமைப்பை உருவாக்கியது. அந்த இரண்டாம் உலகப் போரின்போது தமிழ்ப்படத் துறை கச்சா பிலிம் தட்டுப்பாட்டாலும், படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டாலும் திணறியது. 1945இல் வெளிவந்த ‘பர்மா ராணி’, ‘மானசம்ரட்சணம்’ போன்ற போர் ஆதரவுப் படங்கள்கூட ஊரிலிருந்த மக்களை நோக்கிப் பேசியவையே அன்றிப் போர்முனையில் இருந்தவனைக் களிப்பூட்ட எடுக்கப்பட்டவை அல்ல.

ஏ.வி.எம். காரைக்குடியிலிருந்து இடம்பெயர்ந்து, வாகினி உள்ளிட்ட படப்பிடிப்புத் தளங்களும் எழுந்து, தமிழ்ப்பட உலகுக்கே கோடம்பாக்கம் என்று பெயர் நிலைத்த பிறகு நிலைமை மாறியது. 1962இல் சீனப் போர் மூண்டபோது எம்.ஜி.ஆர். 75,000 ரூபாய் நிதி அறிவித்தார்; மறு ஆண்டே அப்போரைக் களமாகக் கொண்ட ‘இரத்தத் திலகம்’ திரைக்கு வந்தது. ஆனால் நிதியும் படமும் ஒருபுறமிருக்க, கலைஞர்களே வீரர்களிடம் சென்றது 1965ஆம் ஆண்டின் பாகிஸ்தான் போரையொட்டித்தான். சிவாஜி கணேசன், கண்ணதாசன், எம்.எஸ்.விஸ்வநாதன், சந்திரபாபு முதலியோர் எல்லைக்குச் சென்று வீரர்கள் முன் நிகழ்ச்சி நடத்தினர். பம்பாயில் சுனில் தத்தும் நர்கிஸும் இதே பணிக்கென அஜந்தா ஆர்ட்ஸ் குழுவை நடத்திவந்தார்கள் என்றாலும், தமிழ்க் குழுவின் பயணத்துக்குத் தனி எடை உண்டு. இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழகம் கொந்தளித்ததும் அதே 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் என்பதை இங்கே மறந்துவிட முடியாது.

போர் முழக்கமாக ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று முழங்கும் மதராஸ் ரெஜிமென்டிலேயே தமிழரோடு மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடரும் கலந்திருக்க, பிற பிரிவுகளில் தமிழ்ச் சிப்பாய் இந்திச் சூழலிலேயே நாளைக் கழிக்க வேண்டியிருந்தது. அவனுக்குத் தாய்மொழியில் ஒரு பாட்டைக் கேட்பதே பாதி விடுமுறை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பஞ்சாபி வீரனுக்கோ சிவாஜியின் வசனம் எட்டாது. உடலையே வளைத்து ஆடிச் சிரிக்கவைக்கும் சந்திரபாபுவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பதால், அத்தகைய கலப்பு அவைக்கு அவரே மிகப் பொருத்தமானவர் என்று கருத இடமுண்டு.

இத்தகைய குழுக்கள் சில நாள்களில் ஊர் திரும்பிவிடும். அன்றாடப் பொழுதை நிரப்பும் வேலை வானொலியின் வசமாயிற்று: விவித் பாரதி, வீரர்களின் விருப்பப் பாடல்களுக்கென்றே ‘ஜெய்மாலா’ நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. படைத்துறையின் ‘சைனிக் சமாச்சார்’ இதழ் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் வெளிவந்திருக்க, ‘ஜெய்மாலா’வில் ஒலித்தவை பெரும்பாலும் இந்திப் பாடல்களே.