கறுப்புக் கோட்டு போடாத வக்கீல்கள்

'டிப்ளமோ படிக்கிறவனுக்குச் சட்டம் எதுக்குடா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. போன தீபத்துக்கு முந்தின வாரம் வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் என் பெரியம்மா மகனுக்கு ரிஜிஸ்தர் தபால் வந்தது. அவனும் நம்மைப் போல சிவில் டிப்ளமோதான். சென்னையில் ஒரு டிசைன் கன்சல்டன்சியில் டிராயிங் போடுகிற வேலை. இரண்டு வருஷ பாண்டு. பதினாலாம் மாசமே ராஜினாமா கொடுத்துவிட்டான். 'ஒன்றரை லட்சம் கட்டு' என்று கடிதம். கீழே கையெழுத்து: சட்டப் பிரிவு.

பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் தெருவில், ஒரு கம்பெனியில் லீகல் ஆபீசராக இருந்து ரிட்டயர்டாகி, கிரிவலத்துக்கென்றே இங்கே வந்து தங்கிவிட்ட சார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஓடினோம்.

"சார், நீங்க கோர்ட்டுக்கு வருவீங்களா?" என்று அண்ணன் கேட்டான்.

"சர்வீஸ்ல இருந்தப்பவே நான் போனதில்லை தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது. சட்டம் படித்தவர்தான், ஆனால் கம்பெனியில் சேர்ந்ததும் கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட வேண்டும். கேஸ் என்று வந்தால் வெளி வக்கீலுக்கு வக்காலத்து கொடுப்பார்கள். அந்த வக்கீலுக்குக் கட்டுகளைத் தயார் செய்து கொடுப்பதுதான் இவர்கள் பாடு.

2025 அக்டோபர் 31-இல் சுப்ரீம் கோர்ட் இன்னொன்றும் சொல்லிவிட்டது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்லும் ரகசியத்துக்குச் சாட்சியச் சட்டம் 132-ஆம் பிரிவில் உள்ள பாதுகாப்பு, கம்பெனிக்குள்ளே சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரிக்குக் கிடையாது. கோர்ட்டில் தொழில் செய்யாதவர் என்பதே காரணம்.

அப்படியானால் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? படிப்பார்கள்! சிமெண்ட் கம்பெனி மூட்டையை விற்கிறது. கன்சல்டன்சி, ஆடிட் கம்பெனி இதெல்லாம் எதை விற்கிறது? ஆலோசனையும் கையெழுத்தும்தான். கையெழுத்து தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இருக்கிறது. 2009 ஜனவரி 7-இல் கணக்கு மோசடி வெளியே வந்தது. அதன் ஆடிட்டர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸுக்கு 2018-இல் செபி இரண்டு வருஷத் தடை போட்டது. 2019-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. பத்து வருஷம் இழுத்த விவகாரம்!

அதனால் ஒவ்வொரு ஒப்பந்தமும் முதலில் சட்டப் பிரிவு மேஜைக்கு வரும். நாம் போட்ட டிராயிங்கில் பிசகு, பில்டிங்கில் விரிசல் என்றால் நஷ்டம் எதுவரை நம் தலையில்? வாங்கிய ஃபீஸ் அளவுக்கு மேல் போகாதபடி வரி போடப் பார்ப்பார்கள். கட்டிட ஓனருக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரே கம்பெனி ஆலோசனை சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். ராத்திரி கண் விழித்து நாம் போடும் டிராயிங்குக்கு முதல் சொந்தக்காரர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான். இது 1957 காப்புரிமைச் சட்டம். (எனக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.)

சரி, பாண்டுக்கு வருவோம். "பாண்டெல்லாம் செல்லாதுன்னு டீக்கடையில சொன்னாங்க சார்" என்றான் அண்ணன். சார் சிரித்துவிட்டார். விஜயா பேங்க் வழக்கு ஒன்றைச் சொன்னார். மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் என்பது நிபந்தனை. ஓர் அதிகாரி 2009-இல் ராஜினாமா செய்து, பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக ஹைகோர்ட்டில் ஜெயித்தார். ஆனால் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆளெடுக்கிற செலவு பொதுத்துறை பேங்குக்கு எவ்வளவு பெரிசு என்பதையும் கோர்ட் பார்த்தது.

"அப்ப முழுசும் கட்டணுமா சார்?"

"அவசரப்படாதே. 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவைப் பாரு. பாண்டுல எழுதின தொகை உச்சவரம்புதான். அதுக்குள்ள நியாயமானது எவ்வளவோ அதுதான் கிடைக்கும். உனக்கு என்ன டிரெயினிங் கொடுத்தாங்க, என்ன செலவுன்னு மரியாதையா எழுதிக் கேளு. வேலையை விட்ட பிறகும் வேற கம்பெனிக்குப் போகக்கூடாதுன்னு எழுதியிருந்தா, அது 27-ஆம் பிரிவுல பொதுவா நிக்காது."

அண்ணன் எழுதினான். பதில் இருபது நாளில் வந்தது. மிரட்டல் எதுவும் இல்லை. ஒரு வார சாஃப்ட்வேர் பயிற்சிக் கணக்கு மட்டும் இருந்தது. வேலை பார்த்த பதினாலு மாசத்தைக் கழித்துக்கொண்டு, முப்பத்தைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அந்தச் சட்டப் பிரிவு அம்மா, ரசீதையும் பாக்கியில்லை என்ற கடிதத்தையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டாராம்.

நம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகளும் பாண்டு பேப்பர் கொண்டு வரும். போன வருஷ சீனியர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு பேரில் ஒருவர்கூட இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. ஜெராக்ஸ் வாங்கி வைத்தவரும் ஒருவர்தான். இந்த வருஷம் ஹாஸ்டல் ரீடிங் ரூமில் மாதிரி பாண்டு ஒன்றை ஒட்டச் சொல்லி யூனியனில் கேட்டிருக்கிறேன்.

— மூன்றாமாண்டு, அமைப்பியல் பிரிவு