இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு கப்பல் மலை

பாலை நடை – 9

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சூப்பர்ஸ்டிஷன் மலைகள் வந்துவிடும். சொனோரா பாலைவனத்துக்குள் ஏறத்தாழ 1,60,000 ஏக்கர் பரப்பு. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் வனம் என்பதால் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிள்கூட உள்ளே நுழைய முடியாது. போக வேண்டுமென்றால் காலால் போக வேண்டும், இல்லை குதிரையில்.

இந்த மலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கத்தில்தான் தொடங்குவார்கள். 1891-இல் ஃபீனிக்ஸில் இறந்துபோன ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் இங்கே எங்கோ ஒரு சுரங்கத்தை விட்டுச் சென்றார் என்ற பேச்சை நம்பி இன்றும் ஆட்கள் அலைகிறார்கள். என் மனம் அதில் ஒட்டவில்லை. தங்கம் இருக்கட்டும், இந்த வறண்ட பூமியில் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தாலே ஒரு வாழ்நாள் போதாது.

அதைப் பார்க்க வாய்த்த இடம் பேட்டில்ஷிப் மலை. மேற்கே போல்டர் ஓடை, கிழக்கே லபார்ஜ் ஓடை. இரண்டும் வடக்கே ஓடிச் சேர்ந்து, சால்ட் ஆற்றை மறித்த கேன்யன் ஏரியில் கலக்கின்றன. அவற்றுக்கு நடுவே போர்க்கப்பலின் உருவத்தில் நீண்டு நிற்கிறது இந்த ஒடுங்கிய மலை. அதன் முதுகில் வனத்துறை போட்ட பாதை கிடையாது.

அழைத்துப் போனவர் என்னைவிடப் பத்து வயது மூத்த நண்பர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சாண்ட்லர் நகரில் வேலை பார்ப்பவர். குளிர்காலம் முழுக்க இந்த மலைகளில்தான் இருப்பார். ஃபர்ஸ்ட் வாட்டர் என்ற இடத்தில் வண்டியை விட்டு, விடிவதற்குள் நடக்கத் தொடங்கினோம். செகண்ட் வாட்டர் பாதை கார்டன் வேலி என்ற சமவெளி வழியாகப் போல்டர் ஓடைக்கு இறங்குகிறது. அதுவரை நல்ல பாதை, சொல்ல அதிகமில்லை. வழியெல்லாம் சொய்யா கள்ளி. உரசினாலே ஒரு கணு கழன்று தோலில் ஏறிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். அதனால் இங்கே நடப்பவர்கள் பையில் ஒரு தலைவாரும் சீப்பு வைத்திருப்பார்கள். சீப்பைக் கணுவுக்கு அடியில் கொடுத்து நெம்பித் தள்ளிவிட வேண்டும்.

மலையின் வடமுனையில் பாதையை விட்டு ஏறினோம். "காலு வைக்கிறதுக்கு முன்னால கண்ணு வைங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்துல கைய வைக்காதீங்க" என்றார். மாசி மாத வெயிலுக்கே கிலுகிலுப்பைப் பாம்புகள் பாறை இடுக்கிலிருந்து வெளியே வரத் தொடங்கிவிடும். பாறையும் நம்பத் தக்கதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி உண்டான பாறை அது. சில இடங்களில் இரும்பாக நிற்கும்; சில இடங்களில் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி கையோடு பெயர்ந்து வரும். ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்த்துத்தான் உடம்பின் பாரத்தை ஏற்றினோம். ஒடுக்கமான ஓரிடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். அங்கே பேச்சே இல்லை.

உச்சியில் தெற்கே 4,553 அடி உயர வீவர்ஸ் நீடில் பாறை செங்குத்தாகத் தெரிந்தது. ஆனால் நண்பர் கீழேதான் காட்டினார். பழுப்பு மலைகளுக்கு நடுவே இரண்டு பச்சைக் கோடுகள், இரண்டு ஓடைகள். இத்தனை பள்ளத்தையும் அறுத்தது ஆண்டில் பல மாதம் வறண்டே கிடக்கும் அந்த ஓடைகள்தான். ஓடைப் படத்தை மேலிருந்தே மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னார். எந்த வளைவில் புதர், எங்கே குளம், எங்கே வெறும் பாறை என்று.

அது ஏன் என்று இறங்கிய பிறகு புரிந்தது. வந்த முகட்டிலேயே திரும்பி முனையில் இறங்கி, போல்டர் ஓடைக்குள்ளேயே மேல்நோக்கி நடந்தோம். முகட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நேரத்தையும் பலத்தையும் தின்றது ஓடைதான். வெள்ளம் உருட்டி வழவழப்பாக்கிய ஆளுயரப் பாறைகள். ஒன்றிலிருந்து இறங்கினால் அடுத்ததில் ஏற வேண்டும். நடுவே மழைநீர் தேங்கிய குளங்கள். குளத்தைச் சுற்றிப் போகலாம் என்றால் கரையில் கேட்கிளா புதர். நம் ஊர்க் கருவேலத்துக்கு உறவுதான், ஆனால் முள் பின்பக்கமாக வளைந்தது. சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்க முடியாது, பின்னே வந்துதான் விடுவித்துக்கொள்ள வேண்டும். பாதையில் சாதாரணமாக இருபது நிமிடத்தில் கடக்கும் தூரம் இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஓரிடத்தில் மரக்கிளைகளில், என் தலைக்கு மேலே, காய்ந்த நாணலும் குச்சியும் சிக்கிக் கிடந்தன. "இதுவரைக்கும் தண்ணி வந்திருக்கு" என்றார். வெறும் பாறையும் இறுகிய மண்ணும் மழையைக் குடிப்பதில்லை. அப்படியே ஓடைக்குத் தள்ளிவிடுகின்றன. மழை பெய்வது கண்ணுக்கெட்டாத மேட்டிலாக இருக்கும், வெள்ளம் நம் காலடியில் வரும்.

கரையேறலாம் என்று நான் ஒரு பாலோ வெர்டே மரத்தடியைக் காட்டினேன். மெல்ல கையைப் பிடித்துத் தடுத்தார். மரத்தின் நிழலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சாகுவாரோ கள்ளிக் கன்று. முதல் எட்டு ஆண்டுகளில் அது ஒன்றரை அங்குலம்கூடத் தாண்டுவது அரிது. முதல் கிளை விட ஐம்பது, எழுபது ஆண்டுகள். வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் அதைக் காப்பது அந்த மரத்தின் நிழல்தான். பாதையை விட்டு நடக்கிறவரின் ஒரு செருப்படி அதற்குப் போதும். அதற்கப்புறம் நாங்கள் பாறையிலும் மணல் படுகையிலும் மட்டுமே கால் வைத்து வந்தோம். சுற்று அதிகம்தான், அலுக்கவில்லை. பாதையற்ற இடத்தில் நடக்கும் உரிமை இப்படி நடப்பவருக்குத்தான் உண்டு என்பது என் முடிவு.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை முதல் மாசி வரை போங்கள். தனியாகப் போகாதீர்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது சுமந்து செல்லுங்கள். ஓடையில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மேகம் திரண்டால் ஓடைக்குள் இறங்காதீர்கள். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கோடையில் அந்தப் பக்கமே வேண்டாம்: 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.