மழைக்குத் தாங்குமா மரவேலி?



இன்று புதிய வீடமைப்புப் பகுதிகளைச் சுற்றி வந்தால் பல வீடுகளின் முன்னால் ஒரே மாதிரியான வேலியைப் பார்க்கலாம். பலகைகளை நிமிர்த்தி நிறுத்தாமல் படுக்கை வாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, சிறு இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். பார்ப்பதற்கு அழகு. வீட்டின் முகப்பையே அகலமாகக் காட்டும். காற்றும் வரும், மறைவும் கிடைக்கும்.

ஆனால் இரண்டு மழைக்காலம் கடந்த பின் அதே வேலியைப் போய்ப் பாருங்கள். சில வீடுகளில் பலகைகள் நடுவில் தொய்ந்து கிடக்கும். சில வீடுகளில் திருகாணியைச் சுற்றிக் கறுப்புக் கறை வழிந்திருக்கும். தூணை ஒட்டிய நுனியை விரலால் அழுத்தினால் ரொட்டிபோல் உள்வாங்கும். பல மாதச் சேமிப்பைக் கொட்டிப் போட்ட வேலி இரண்டே ஆண்டுகளில் இப்படிப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதே தெருவில், அதே மழையில், பத்தாண்டு கடந்தும் அசையாமல் நிற்கும் வேலியும் உண்டு. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மழை அல்ல, காயாத ஈரம்

மழை பெய்வதால் மரம் கெடுவதில்லை. பெய்த மழை காயாமல் மரத்திலேயே தங்குவதால்தான் கெடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

மரத்தை இற்றுப்போகச் செய்வது ஒருவகைப் பூசணம். மரத்தில் உள்ள ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. ஈரம் 30 விழுக்காட்டை நெருங்கி அங்கேயே நின்றுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

நம் வட்டாரத்தின் சிக்கல் என்னவென்றால், நிழலில் வைத்து நன்றாகக் காயவைத்த மரத்தில்கூட 15 முதல் 19 விழுக்காடு ஈரம் இருக்கும். காற்றிலேயே அவ்வளவு ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. மழையளவு 2,100 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. தைப்பிங் போன்ற ஊர்களில் இதைவிட மிக அதிகம். ஆக, மரத்துக்கும் பூசணத்துக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது மிகச் சிறிய இடைவெளி. நனைந்த பலகை மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். காய வழியில்லாமல் ஒரு மூலையில் நீர் தேங்கினால், அந்த மூலையில்தான் அழிவு தொடங்கும்.

நம் முன்னோர் இதை அறிந்தே வாழ்ந்தார்கள். மலாய்க் கிராமங்களின் மரவீடுகளைப் பாருங்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தியிருப்பார்கள். பழைய தோட்டத்துப் பலகை லயங்கள் பலவும் செங்கல் தூண்களின்மேல்தான் நின்றன. மரத்தை மண்ணிலிருந்து பிரித்து வை, அடியில் காற்று போகட்டும் என்பதுதான் அதன் பாடம்.

படுக்கைப் பலகைக்கு ஏன் கூடுதல் கவனம்?

நிமிர்ந்து நிற்கும் பலகையில் விழும் நீர் அதன் நீளவாட்டில் வழிந்து கீழே சொட்டிவிடும். அதன் மேல்நுனிகளை ஒரே ஒரு மூடுபலகையால் மறைத்துவிடலாம். கீழ்நுனிகள் காற்றில் தொங்குவதால் தானாகக் காயும். படுக்கைப் பலகையில் அப்படி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 அடி நீளம், 6 அடி உயரத்தில் ஒரு வேலி. 4 அங்குலப் பலகைகளைச் சிறு இடைவெளி விட்டு அடுக்கினால் ஏறக்குறைய 15 வரிசை வரும். ஒவ்வொரு வரிசையின் மேல்விளிம்பும் 30 அடி நீளமுள்ள ஒரு சிறு மேடை. மொத்தம் 450 அடி நீளத்துக்கு நீர் உட்கார இடம் கொடுக்கிறோம்!

ஒவ்வொரு வரிசைக்கும் 10 அடிப் பலகை மூன்று வைத்தால் 6 வெட்டு நுனிகள். 15 வரிசைக்கு 90 நுனிகள். மரம் நீரைக் குடிப்பது பெரும்பாலும் இந்த வெட்டு நுனி வழியாகத்தான். வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோன குழாய்களின் வாய் அங்கே திறந்து கிடக்கிறது. அந்த நுனிகளில் பாதிக்கு மேல் தூணின்மேல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே நீர் புகுந்தால் வெளியேற வழி கிடையாது. நேயர்கள் விரலால் அழுத்திப் பார்க்கும் அந்த ரொட்டி நுனி இப்படித்தான் உருவாகிறது.

எந்த மரம் வாங்குவது?

வைரம் பாய்ந்த மரம் என்று நம் பேச்சில் சொல்வோம். அது வெறும் பேச்சு அல்ல. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில்தான் பூசணத்தையும் கரையானையும் எதிர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள வெளிறிய பகுதியை வெளிறு என்பார்கள். எந்த மரமானாலும் அதன் வெளிறு நிலைக்காது. விலை உயர்ந்த செங்கால் பலகையாகவே இருந்தாலும் ஓரத்தில் வெளிறு இருந்தால் அந்த ஓரம் முதலில் போய்விடும். பலகையை வாங்கும்போது நிற வேறுபாட்டைப் பார்த்து, வெளிறு உள்ளதைத் தள்ளிவையுங்கள்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் பல மரவகைகளின் முளைகளை மண்ணில் நட்டு, எத்தனை ஆண்டு தாங்குகின்றன என்று ஆராய்ந்து வந்திருக்கிறது. மருந்தேற்றாத நிலையில் 10 ஆண்டுக்கு மேல் தாங்குவது முதல் தரம். 5 முதல் 10 ஆண்டு இரண்டாம் தரம். 2 முதல் 5 ஆண்டு மூன்றாம் தரம். 2 ஆண்டுக்குள் மக்கிவிடுவது கடைசித் தரம். செங்கால் முதல் தரத்து மரம் எனப் பெயர் பெற்றது. பாலாவும் உறுதியான கனமரம். ஆனால் செங்கால் இப்போது அரிது, விலையும் அதிகம்.

எல்லாராலும் செங்கால் வாங்க முடியாது. வாங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. கெம்பாஸ் போன்ற மரங்கள் இயற்கையாக அவ்வளவு நிலைக்காவிட்டாலும் மருந்தை நன்றாக உறிஞ்சும். அழுத்தத்தில் மருந்தேற்றிய கெம்பாஸ் ரயில் தண்டவாளக் கட்டையாகவே பயன்பட்டிருக்கிறது. அழுத்தத்தில் ஏற்றுவதற்கும் தூரிகையால் மேலே பூசுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது மரத்தின் உள்ளே போகும், பின்னது தோலோடு நிற்கும். கடையில் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரம் இளம்பச்சையாகத் தெரியும். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் இம்மருந்து நிறுத்தப்பட்டது. இத்தகைய மரத்தின் துண்டுகளை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கவே கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு.

மெல்லிய மெராந்திப் பலகை, ரப்பர் மரம் ஆகியவை வீட்டினுள்ளே நாற்காலிக்கும் அலமாரிக்கும் ஏற்றவை. மருந்தேற்றாமல் மழையில் நிறுத்த ஏற்றவை அல்ல.

தூண்தான் வேலியின் உயிர்

பலகை கெட்டால் ஒரு பலகையை மாற்றலாம். தூண் இற்றுப்போனால் வேலியே சாயும். புயல் காற்றோடு மழை அடிக்கும் மாலையில் அது யார்மேல் விழும், யாருடைய காரின்மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே, பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் பலகையில் மிச்சப்படுத்துங்கள், தூணில் வேண்டாம்.

நம் மண்ணில் ஈரமும் கரையானும் சேர்ந்தே இருப்பதால், துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்புத் தூண் நல்ல தேர்வு. வெட்டிய இடத்திலும் துளையிட்ட இடத்திலும் துத்தநாகச் சாயம் பூசிவிட வேண்டும். 6 அடி வேலிக்குக் குறைந்தது 2 அடி ஆழத்திற்குக் கான்கிரீட் போடுங்கள். கான்கிரீட்டின் தலை மண்ணுக்கு மேலே 2 அங்குலம் எழும்பி, தூணைவிட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். மரத் தூண்தான் வேண்டுமென்றால் அதைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். கான்கிரீட் ஒரு கிண்ணம்போல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரைக்கு மேலே இரும்புக் காலணி பொருத்தி, அதன்மேல் மரத்தை நிறுத்துங்கள்.

தூண்களுக்கு இடையே 5 அடி விடுவது பாதுகாப்பு. 6 அடியைத் தாண்டக் கூடாது. செலவைக் குறைக்க 8 அடி, 10 அடி என்று விட்டால் பலகை தன் எடையிலேயே தொய்ந்துவிடும். நாம் கணக்கிட்ட 30 அடி வேலிக்கு 5 அடி இடைவெளியில் 7 தூண்கள் தேவை.

பலகையைப் பொருத்தும் முறை

முதலாவது, பலகை காய்ந்திருக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கிய பச்சை மரத்தை அன்றே அடித்தால் அது வேலியில் நின்றபடியே சுருங்கி முறுக்கிக்கொள்ளும். இடையிடையே குச்சி வைத்து, கூரைக்கு அடியில், காற்றோட்டமாகச் சில வாரம் அடுக்கி வையுங்கள். ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 19 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் காத்திருங்கள்.

இரண்டாவது, மேல்விளிம்பைத் தட்டையாக விடாமல் சற்றே சரிவாகச் சீவச் சொல்லுங்கள். நீர் உட்காராமல் வழிந்துவிடும். பட்டறையில் சிறிது நேரம் பிடிக்கும் இந்த வேலைதான் அந்த 450 அடி மேடையையும் இல்லாமல் செய்கிறது.

மூன்றாவது, வரிசைகளுக்கு நடுவே 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழையில் பலகை அகலவாட்டில் உப்பும். இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று தள்ளித் திருகாணியைப் பிடுங்கிவிடும்.

நான்காவது, வெட்டு நுனிகள். அறுத்தவுடன் ஒவ்வொரு நுனிக்கும் மரம் காக்கும் பூச்சை இரண்டு முறை பூசுங்கள். தளத்தில் புதிதாக அறுத்த நுனியையும் விட்டுவிடக் கூடாது. இரு பலகைகள் சந்திக்கும் இடத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பலகைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தால் பின்பக்கமும் காற்று போகும்.

ஐந்தாவது, திருகாணி. சாதாரண இரும்பு ஆணி துருப்பிடிப்பது ஒருபுறம் இருக்க, கனமரங்களில் உள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் கறுப்புக் கறை வழியும். 304 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போதும். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் 316 தரம் வாங்குங்கள். பலகைக்கு ஒவ்வொரு தூணிலும் இரண்டு, இணைப்பில் நான்கு என்று வைத்தால் நம் வேலிக்கு 270 திருகாணிகள். முன்கூட்டியே துளையிட்டு முடுக்கினால் நுனி பிளக்காது.

ஆறாவது, கடைசிப் பலகை மண்ணிலிருந்து 6 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். மண்ணில் விழுந்து தெறிக்கும் மழைநீரும் கரையானும் எளிதில் எட்டாது. அந்த இடைவெளியில் பூந்தொட்டியை அடுக்கி மூடிவிடாதீர்கள்.

பூச்சும் பராமரிப்பும்

பளபளப்பாக இருக்கிறதே என்று பலர் வார்னிஷ் பூசுகிறார்கள். வார்னிஷ் மரத்தின்மேல் ஒரு தோலாக நிற்கும். வெயிலில் அந்தத் தோல் வெடித்தால், வெடிப்பில் புகுந்த நீர் உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு உரியாது. மங்கினால் கழுவி, காயவைத்து, மீண்டும் பூசினால் போதும். நிறம் கலந்த எண்ணெய் வெயிலையும் தடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை குறைந்த வாரமாகப் பார்த்துப் பூசுங்கள்.

பூசாமல் விட்ட மரம் சாம்பல் நிறமாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வெயிலின் வேலை, அழிவு அல்ல. கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். மெத்தென்று இறங்கினால்தான் கவலை. தூணில் மண் கோடுபோல் ஏதேனும் ஏறியிருந்தால் அது கரையான் பாதை. அதை உடைத்துவிட்டால் மட்டும் போதாது. பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழையுங்கள்.

மறக்கக் கூடாத மூன்று

உள்ளீடற்ற இரும்புத் தூணின் தலைக்கு மூடி போடுங்கள். திறந்து கிடந்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

படுக்கைப் பலகை வேலி சிறு பிள்ளைகளுக்கு ஏணி. வேலிக்கு அப்பால் பெரிய வடிகாலோ குளமோ சாலையோ இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் நிமிர்ந்த பலகையே நல்லது. அழகைவிடப் பிள்ளை முக்கியம்.

எல்லையில் வேலி எழுப்புமுன் நகராண்மைக் கழகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘என்ன விலை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். தூணுக்கு எத்தனை அடி இடைவெளி? நுனிக்குப் பூச்சு உண்டா? திருகாணி என்ன தரம்? மரத்தின் ஈரம் எவ்வளவு? இந்த நான்கையும் விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நம் ஊரில் மழையை நிறுத்த முடியாது. விழுந்த மழை வழிந்தோடவும், நனைந்த மரம் மறுநாள் காயவும் வழி செய்தால் அதுவே போதும்.