"என்ன அடிக்கலாம்?" என்று கேட்பதற்கு முன்

எங்கள் அன்னூர்ப் பக்கத்து உழவர் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி: "செடியில பூச்சி வந்திருக்குதுங்க, என்ன அடிக்கலாம்?" ரசாயனத்தை விட்ட நாமும் இப்படித்தான் கேட்கிறோம். மருந்துக்குப் பதில் கரைசல், அவ்வளவுதான். இப்படிக் கேட்டுவிட்டால் வருகிற பதில் எல்லாம் தெளிப்பானுக்குள்ளேயே சுற்றும்.

2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்குப் பகுதியெங்கும் பரவியது. விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். பூச்சியின் மேலிருந்த மெழுகு மருந்தை உள்ளே விடவில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்தன. மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். மருந்தடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துப்போகும்.

பூச்சியியலாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். இதன் பூர்வீகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில் இது ஏன் இப்படிப் பெருகவில்லை? அங்கே இதன் உடம்பில் முட்டையிட்டுக் கொல்லும் சின்னஞ்சிறு குளவிகள் உண்டு. இங்கே பூச்சி மட்டும் வந்துவிட்டது, எதிரி வரவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உட்பட 3 வகைக் குளவிகளை வரவழைத்து, சோதித்து, தோட்டங்களில் விட்டார்கள். அசிரோபேகஸ் நம்ம மண்ணிலேயே நிலைத்துப் பெருகியது, மாவுப்பூச்சி அடங்கியது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். பிரச்சினை உள்ளவர் பார்த்ததை மட்டும் சொல்லட்டும்: எந்த மூலையில், எப்போதிருந்து, எறும்பு ஏறுதா, பக்கத்துத் தோட்டத்தில் இருக்குதா? உடனே யாரும் தீர்வு சொல்ல வேண்டாம். அனுபவமுள்ள பெரியவர் முதலில் "வேப்பெண்ணெய் அடிங்க" என்றுவிட்டால், அப்புறம் பேச்செல்லாம் எத்தனை மில்லி என்பதில்தான் நிற்கும். ஆளுக்கொரு யோசனையைச் சீட்டில் எழுதட்டும். பெரியவர் கடைசியில் பேசட்டும்.

அவசரத்துக்குக் கரைசல் அடிப்பது தப்பில்லைங்க. ஆனால் செடியில் எறும்பு ஏறுகிறது என்றால் அது மாவுப்பூச்சியின் தேனுக்காகக் காவல் இருக்கிறது. குளவியை அண்ட விடாது. அங்கே முதலில் எறும்பைத் தடுக்கணும். "என்ன அடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த எறும்பு நம் கண்ணிலேயே பட்டிருக்காது.