மூட்டு வலிக்குப் புது ஊசி! பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை

விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, நானூறு ஐந்நூறு மரம் வெட்டிய கை உங்களுடையது. காண்டா வாளியில் பால் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால் உங்களுடையது. செம்பனைத் தோட்டம் என்றால், நீண்ட குழாயில் மாட்டிய அரிவாளைப் பிடித்து அண்ணாந்து பார்த்தபடியே குலை வெட்டிய தோள் உங்களுடையது. தோட்டத்தை விட்டு, பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டுக்கோ மாசாயில் மகள் வீட்டுக்கோ வந்து வருடங்கள் ஆகியும், வலி மட்டும் உங்களை விட்டுப் போகவில்லை. கோடாலித் தைலம் ஒரு பக்கம், சுடுதண்ணீர் ஒத்தடம் ஒரு பக்கம். மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் ‘வேண்டாம்’ என்கிறது.

இந்த நேரத்தில்தான் மகன் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறான். “அம்மா, ஆப்பரேஷனே வேண்டாமாம். ஊசி போட்டால் தேய்ந்த மூட்டு மறுபடி வளருமாம்!” இருட்டோடு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, சிங்கப்பூரில் வேலை செய்து மிச்சம் பிடித்த காசு அது. தாய்க்கென்றால் கொடுக்கத் தயங்கமாட்டான். ஆனால் கொடுக்குமுன், அந்த ஊசி என்ன, எந்த வலிக்குக் கேட்கும், எந்த வலிக்குக் கேட்காது என்று தாயும் மகனும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டாமா?

வலி எங்கே இருக்கிறது?

மூட்டு வலி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், அது பல இடங்களிலிருந்து வரும். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டி வைப்பது தசைநார். எலும்பு முனைகளில் வழவழப்பாகப் போர்த்தியிருப்பது குருத்தெலும்பு. செய்த வேலையையே பல வருடங்கள் திரும்பத் திரும்பச் செய்யும்போது நாண் நைந்துபோகும். முழங்கை வெளிப்பக்க வலி, தோள் வலி, குதிகால் நரம்பு வலி என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. வயதான முழங்கால் வலியோ பெரும்பாலும் குருத்தெலும்புத் தேய்மானம்.

நாணுக்கும் நாருக்கும் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அவை மெல்லத்தான் ஆறும். குருத்தெலும்புக்கோ இரத்தக் குழாயே கிடையாது. போனது தானாகத் திரும்பி வருவது அரிதினும் அரிது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் ஊசி

பால்மரத்தின் பட்டையைச் சீவுகிறோம். மரம் சும்மா இருக்கிறதா? அந்த இடத்தில் மறுபட்டை வளர்க்கிறது. உடம்பும் அப்படித்தான். காயம் பட்ட இடத்துக்கு ஆள் அனுப்பிப் பழுது பார்க்கும். இதை நம்பிப் பிறந்ததுதான் ‘புரோலோதெரபி’. 1950களில் இந்தப் பெயரை வைத்தவர் ஜார்ஜ் ஹேக்கட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். இன்று பெரும்பாலும் குளுகோஸ் கலந்த நீரைத்தான் நைந்த இடத்தில் ஏற்றுகிறார்கள். அது அங்கே இலேசாக உறுத்தும். உடம்பு பழுது பார்க்கும் வேலையைத் தொடங்கும் என்பது எண்ணம். ஒரே ஊசியோடு முடியாது. சில வாரங்கள் விட்டுவிட்டுப் பல தடவை போடுவார்கள்.

சொந்த இரத்த ஊசி

டெங்கிக் காய்ச்சல் வந்த வீட்டில் “பிளேட்லெட் இறங்கிவிட்டது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரத்தத்தை உறைய வைக்கும் அந்தச் சிறு அணுக்களுக்குள் காயத்தை ஆற்றும் பொருள்களும் இருக்கின்றன. உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுற்றினால் அது அடுக்கடுக்காகப் பிரியும். பிளேட்லெட் நிறைந்த மஞ்சள் நீரை மட்டும் எடுத்து, வலி உள்ள இடத்தில் ஏற்றுவார்கள். இதுதான் பி.ஆர்.பி. ஊசி. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமைக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் ஆபத்தில்லை என்பது வேறு, பலன் உண்டு என்பது வேறு!

பலன் உண்டா?

முதலில் நம் நாட்டுச் செய்தி. 2014இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பின்தொடைத் தசை கிழிந்த 28 விளையாட்டாளர்களில் பாதிப்பேருக்குப் பி.ஆர்.பி. ஊசியும் உடற்பயிற்சியும், மீதிப்பேருக்கு உடற்பயிற்சி மட்டும். ஊசி போட்டவர்கள் சராசரி 27 நாளில் மைதானத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு 42 நாளுக்கு மேல் ஆனது. நல்ல செய்திதான். ஆனால் அதே 2014இல் நெதர்லாந்தில் அதே காயத்துக்கு 80 பேரை வைத்துப் பார்த்தபோது, பி.ஆர்.பி. போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டாவது ஆராய்ச்சியில் யாருக்கு எந்த ஊசி என்று அவர்களுக்கே தெரியாது. ‘நமக்குப் புது ஊசி போட்டிருக்கிறார்கள்’ என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும் என்பதால்தான் இப்படி மறைத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

மரம் வெட்டியவர்களுக்கு வரும் முழங்கை வலி எப்படி? 2021இல் 32 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சொந்த இரத்த ஊசியால் குறிப்பிடத்தக்க நன்மை இருப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு.

இனி முழங்கால். 2021இல் ஆஸ்திரேலியாவில், மூட்டுத் தேய்மானம் உள்ள, 50 வயது கடந்த 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். பாதிப்பேருக்குப் பி.ஆர்.பி., பாதிப்பேருக்கு உப்புநீர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் வலி குறைந்திருந்தது. ஏறக்குறைய ஒரே அளவு! ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பி.ஆர்.பி. போட்டவர்களின் குருத்தெலும்பு கூடுதலாகக் காப்பாற்றப்படவும் இல்லை.

சர்க்கரை ஊசிக்குக் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. 2020இல் ஹாங்காங்கில் முழங்கால் தேய்ந்த 76 பேரில், குளுகோஸ் ஊசி போட்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் உப்புநீர் போட்டவர்களைவிட வலி குறைவாக இருந்தது. ஆனால் சிறிய ஆராய்ச்சி. அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்கால் தேய்மானத்துக்குப் புரோலோதெரபியைப் பரிந்துரைக்கவில்லை. பி.ஆர்.பி.யும் ஸ்டெம் செல் ஊசியும் வேண்டாம் என்று இன்னும் அழுத்தமாகவே சொல்கிறது.

ஆக, ‘வலி குறையலாம்’ என்று ஒருவர் சொன்னால் கேளுங்கள். ‘தேய்ந்த மூட்டு புதிதாக வளரும்’ என்று சொன்னால் பணப்பையை மூடுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி வேறு

சிலர் ‘மூட்டு ஊசி’ என்று சொல்வது ஸ்டீராய்டு ஊசியை. அது வீக்கத்தை வேகமாக அடக்கும். சில வாரங்களுக்கு நல்ல சுகம் தரும். ஆனால் 165 பேரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியில், முழங்கை வலிக்கு ஸ்டீராய்டு போட்டவர்களில் 100க்கு 54 பேருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பி வந்தது. உப்புநீர் போட்டவர்களில் 100க்கு 12 பேருக்கே திரும்பியது. இன்னொன்று: ஸ்டீராய்டு ஊசி இரத்தத்தில் சர்க்கரையைச் சில நாட்களுக்கு ஏற்றிவிடும். நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு எது? எந்த ஊசியானாலும் ‘எனக்கு இனிப்புநீர் உண்டு’ என்று முதலில் சொல்லுங்கள்.

முதல் மருந்து உங்கள் வீட்டிலேயே

1998இல் சுவீடனில், குதிகால் நாண் வலியால் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குவது. 12 வாரம். பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள்! ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை.

முழங்கை வலிக்கு ஒரு பால் டின் போதும். கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க டின்னைப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல இறக்குங்கள். மற்றக் கையால் தூக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். முழங்காலுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பிறகு நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காருங்கள். இலேசான வலி பரவாயில்லை. மறுநாள் வலி கூடினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்தே பிசியோதெரபிக்கோ, ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் அல்லது சுல்தானா அமினா மருத்துவமனையின் எலும்பு நிபுணரிடமோ கடிதம் கொடுப்பார்கள். இன்னும் வேலையில் இருப்பவர்கள், வேலையால் வந்த நோய் என்றால் சொக்சோவை விசாரியுங்கள். அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் மலாக்காவில் இயங்கி வருகிறது.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

இத்தனைக்குப் பிறகும் வலி விடவில்லை, ஊசிதான் போடவேண்டும் என்றால், போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்:

என் வலி நாணிலா, நாரிலா, குருத்தெலும்பிலா?
ஊசியில் இருப்பது சர்க்கரையா, என் இரத்தமா, ஸ்டீராய்டா?
மொத்தம் எத்தனை ஊசி, எல்லாம் சேர்த்து எவ்வளவு வெள்ளி?
ஸ்கேன் பார்த்துக்கொண்டு போடுவீர்களா?
பலன் இல்லையென்று எத்தனை வாரத்தில் முடிவு செய்வீர்கள்?

நிபுணர் என்று சொல்பவரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், காய்ச்சலோ புண்ணோ உள்ளவர்களும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் அதை மறைக்கக் கூடாது. ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி கூடுவது சகஜம். ஆனால் மூட்டு சிவந்து, சூடேறி வீங்கி, காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பால்மரத்துக்கு மறுபட்டை வளரும் என்று சொன்னேன். அளவாகச் சீவினால்தான் வளரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கத்தி ஆழப் பதிந்தால் மரம் காயப்பட்டு முண்டு விழும். முதிர்ந்து ஓய்ந்த மரத்தை எந்தக் கத்தியும் இளமரமாக்காது. உடம்பும் அதே கணக்குத்தான்.

இன்று மாலை மகன் வேலை முடிந்து வந்ததும் இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவன் படிக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று...