நெட்டி கொடுத்த யோசனை

பினாங்கில் பீரங்கிக்குப் பஞ்சமில்லை. சுங்கை பினாங்கிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் சில கிலோமீட்டரில் கோர்ன்வாலிஸ் கோட்டை. அதன் மதில்மேல் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. விடுமுறை நாளில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். குழலின் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். சரியான இடத்தில்தான் கையை விடுகிறார்கள். அந்தக் காலத்துப் பீரங்கியானாலும் துப்பாக்கியானாலும் மருந்தும் குண்டும் உள்ளே போவது அந்த வாய் வழியாக. குண்டு வெளியே வருவதும் அதே வழியாக. பின்பக்கம் நெருப்பு வைக்க ஒரு சிறு துளை. பீரங்கியில் இயந்திரம் என்று சொல்ல வேறொன்றும் கிடையாது.

1786இல் இந்தத் தீவில் இறங்கிய பிரான்சிஸ் லைட்டைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. காடு வெட்ட ஆட்கள் சுணங்கினார்களாம். பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுடச் சொன்னாராம் லைட். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்களாம். கதை கதையாகவே இருக்கட்டும். பீரங்கியின் குணத்தைச் சரியாகச் சொல்கிறது. வாய்க்குள் நுழைவது எதுவானாலும் அது சுடும். குழலுக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இந்தத் தாராளம்தான் அதன் கோளாறும்.

ஏன் என்று புரிய மருந்திலிருந்து தொடங்க வேண்டும். கருமருந்தில் மூன்றே சரக்கு: 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே சுமந்துகொண்டு வருகிறது. அதனால்தான் காற்றுப் புகாத குழலின் அடியிலும் அது எரிகிறது. எரியும் வேகம் குருணையின் அளவைப் பொறுத்தது: பொடிக் குருணை சட்டென்று பிடிக்கும், பெருங்குருணை நின்று எரியும். இத்தனைக்கும், எரிந்தபின் மருந்தின் எடையில் பாதிக்குக் கீழேதான் வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளுகிறது. மீதி புகையாகப் பறக்கும் நுண்துகளும் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும் கசடும். சில தடவை சுட்டதுமே கசடு ஏறி வழி குறுகிவிடும். அப்படிக் குறுகினாலும் அடுத்த குண்டு உள்ளே இறங்க வேண்டும் என்பதால், குண்டைக் குழலைவிடச் சிறிதாகவே வார்த்தார்கள்.

ஜோர்ஜ்டவுனில் சிப்பாய் லைன்ஸ் என்று ஒரு சாலை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கே காவலுக்கு வந்த மதராஸ் படையின் சிப்பாய்கள் நினைவுக்கு வரும் பெயர். அந்தக் காலத்துச் சிப்பாயின் தோளில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ எனப்பட்ட மஸ்கட். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம், குண்டோ 0.69 அங்குலம் சொச்சம். அந்த இடைவெளி வழியாக வாயு பிதுங்கி ஓடும். குண்டு இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலுமாக மோதிக்கொண்டே வரும். வாயைத் தாண்டும்போது கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகப் போகும். 100 கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டம். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்கு வீரம் காரணமல்ல. தனித்தனியாகச் சுட்டால் படாது.

குழலின் உட்சுவரில் சுருள் சுருளாக வரிப்பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டே வெளியேறும், சுற்றுகிற பம்பரம் சாயாததுபோல அதுவும் தடுமாறாமல் நேராகப் போகும் என்பது ஐரோப்பியத் துப்பாக்கிக் கொல்லர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அதுதான் ரைபிள். ஆனால் குண்டு சுழல வேண்டுமானால் பள்ளத்தை இறுகக் கவ்வ வேண்டும். இறுக்கமான குண்டை வாய் வழியாக எப்படி இறக்குவது? கொழுப்புத் தடவிய துணித்துண்டில் சுற்றி, இடிகோலால் இடித்து இறக்கினார்கள். 1800இல் ஆங்கிலேயப் படைக்கு வந்த பேக்கர் ரைபிளுக்கு ஆரம்பத்தில் குண்டைத் தட்டி இறக்கச் சின்ன மரச்சுத்தியலே கூடக் கொடுத்தார்கள். மஸ்கட்காரன் இரண்டு மூன்று முறை சுடும் நேரத்தில் ரைபிள்காரன் ஒரு முறை சுடுவான். போகும்போது தளர்வாக இருக்க வேண்டும், வரும்போது இறுக்கமாக இருக்க வேண்டும்: அரை நூற்றாண்டு இந்தச் சிக்கல் கெட்டிக்காரர்களைப் படுத்தியது.

விடையின் ஒரு நுனி தென்னிந்தியாவில் இருந்தது. ஆங்கிலேயப் படையின் 34ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் தெற்கே பணியில் இருந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். துப்பாக்கி வரலாறு எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி இது. அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி. வேட்டைக்காரன் மூச்சை ஊதியதும் நெட்டி விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஊதிய காற்று கசியாமல் முழுக்க அம்பின் பின்னால் நிற்கிறது. இறக்கும்போது தளர்வு, ஊதும்போது இறுக்கம்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேராக், கிளந்தான் காடுகளில் வாழும் தெமியார், செமாய் மக்களின் ஊதுகுழலைக் கண்காட்சிகளில் பார்த்திருப்போம். கணுவிடை நீண்ட மூங்கில். கையில் தூக்கினால் எடையே தெரியாது. அம்பு ஈர்க்குச்சி கனம்தான் இருக்கும். முனையில் ஈப்போ நகருக்குப் பெயர் கொடுத்த மரத்தின் நச்சுப்பால். அடியில் கூம்பாகச் செதுக்கிய மென்மையான நெட்டி. அம்பைச் செருகியபின் பனையிலிருந்து சுரண்டிய பஞ்சுபோன்ற துய்யில் ஒரு சிட்டிகை எடுத்து அதன் பின்னால் அடைப்பார்கள், காற்று தப்பிவிடாமல் இருக்க. மரத்தின் உச்சியில் இருக்கும் குரங்கை அம்பு எட்டும் பலம் மூச்சில் பாதி, அந்த அடைப்பில் பாதி.

நார்ட்டன் இதையே ஈயத்தில் செய்தார்: உருண்டைக்குப் பதில் கூம்புத் தலை, அடிப்பக்கம் குழிவு. மருந்து எரிந்ததும் வாயு அந்தக் குழிவுக்குள் புகுந்து ஈயத்தின் விளிம்பை விரிக்கும், விளிம்பு வரிப்பள்ளத்தைக் கவ்வும். படைக்கலத் துறை ஏற்கவில்லை. படைக்கு உருண்டைக் குண்டுதான் சரி என்று சொல்லிவிட்டார்கள். 1836இல் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கிக் கொல்லர் ஏறத்தாழ அதே வழியில் ஒரு குண்டு செய்தார், அதையும் தள்ளினார்கள். 1849இல் பிரெஞ்சு அதிகாரி கிளோட் எத்தியேன் மினியே, குழிவுக்குள் ஓர் இரும்புக் கிண்ணியை வைத்து அதே வேலையைச் செய்து காட்டியபோது உலகமே எழுந்து உட்கார்ந்தது. ஆங்கிலேய அரசு அவருக்கு 20,000 பவுன் கொடுத்தது. பிறகு சங்கடப்பட்டு கிரீனருக்கு 1,000 பவுன். ஊதுகுழல் செய்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் காப்புரிமை கேட்டு மனுப் போடவுமில்லை.

அந்த வழியில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட் ரைபிள். உள்விட்டம் 0.577 அங்குலம், உள்ளே மூன்று வரிப்பள்ளங்கள், 78 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று. காகிதத் தோட்டாவில் நாலரை கிராமுக்குச் சற்றுக் குறைவான மருந்தும், 34 கிராம் எடையுள்ள ஈயக்குண்டும். தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். பிறகு தோட்டாவைத் திருப்பி, குண்டைச் சுற்றிய காகிதத்தோடு குழலின் வாயில் செருகி, மிச்சக் காகிதத்தைக் கிழித்தெறிந்து, இடிகோலால் தள்ள வேண்டும். காகிதம் வழுக்கி இறங்கவும் கசடு இளகவும் அதன்மேல் கொழுப்பு. பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம்; பல நூறு கஜத்துக்கும் குறி தப்பாது.

கொழுப்பு எந்த மிருகத்துடையது, பசுவா பன்றியா என்ற கேள்வி பின்னால் வந்தது. 1857 ஏப்ரல் 24 அன்று மீரத்தில் குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு அன்று கொடுத்தது வழக்கமான பழைய தோட்டாதான் என்பது வேடிக்கை; சந்தேகம் அதற்குள் எல்லாத் தோட்டாவிலும் ஏறியிருந்தது. 1857 சிப்பாய்க் கலகத்துக்கு மண்ணும் வரியும் மானமும் காரணம், தோட்டா வெறும் சாக்கு என்பாருண்டு. இருக்கலாம். ஆனாலும் வாய் வழியாகக் கெட்டிக்கும் ரைபிளுக்கு ஏதோ ஒரு வழுக்குப்பொருள் இல்லாமல் தீராது என்பது இயற்பியல் விதித்த நிபந்தனை. பத்தே ஆண்டில் அந்த நிபந்தனையும் போயிற்று. 1866 முதல் ஸ்னைடர் முறையில் என்ஃபீல்ட்களின் பின்புறத்தை வெட்டித் திறந்து, தோட்டாவைப் பின்னாலிருந்தே போடத் தொடங்கினார்கள்.

வழக்கொழிந்தபின்னும் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளை விடாமல் சேர்ப்பவர்களும் சுடுபவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். 1971இல் அவர்களுக்கென்று சர்வதேசக் குழு உருவானது. அதன் போட்டிகளில் மினியே பெயரில் 100 மீட்டர் பிரிவு ஒன்றும் உண்டு. மலேசியாவில் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுமையான சட்டம் வந்ததும் அதே 1971இல்தான். ஆகவே நமக்கு இவை கோட்டையிலும் அருங்காட்சியகத்திலும் பார்க்க மட்டும். இந்தியாவின் குடகில் நிலைமை வேறு. கைல்போத் பண்டிகையில் குடவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டு, உயரக் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவார்கள். உரிமச் சட்டத்தில் அவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே விலக்கு உண்டு.

சுடுபவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் மாலை வேலை ஒன்றுதான்: வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் குழலைக் கழுவுவது. அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வழியும். கசடில் இருக்கும் பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் வகை. பினாங்குபோலக் கடற்காற்று வீசும் ஊரில் கழுவாமல் விட்டால் விடிவதற்குள் துரு பிடித்துவிடும். எண்ணெய் தடவினால் மட்டும் போதாது. உப்பு தண்ணீரில்தான் கரையும்.