ஊர் மேளமும் உலக ரசிகர்களும்

தை பிறந்து சம்பா அறுவடை ஓயும் தருணத்தில் நன்னிலம் வட்டாரத்தில் முகூர்த்த நாட்கள் தொடங்கிவிடும். அந்நாட்களில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்காத தெருவே இல்லை என்று சொல்லத்தக்க காலம் ஒன்று இருந்தது. இன்று பல திருமணங்களில் கேரளத்துச் செண்டை மேளம் மாப்பிள்ளை அழைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. கோயில்கள் பலவற்றில் தீபாராதனை வேளையில் மின்சார மோட்டார் பொருத்திய முரசும் மணியும் தாமாகவே முழங்குகின்றன. மேளக்காரர் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு பிழைப்பைத் தேடி நகரங்களுக்குச் செல்கின்றனர். இதனைக் காலத்தின் கோலம் என்று கூறி வாளாவிருந்துவிடலாம். ஆயின், அதே பிள்ளைகளின் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியைக் கொண்டு அவர்களுடைய இசையைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் உள்ள நம் ஊராரிடம் கொண்டுசெல்ல வழியிருக்கிறது. அவ்வழியை ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் விவசாய நண்பர்களும் அறிந்து கலைஞர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்பது நமது விருப்பம்.

புதிய கருவி வந்தபோதெல்லாம் தஞ்சைத் தரணியின் இசை அதனைத் தனதாக்கிக்கொண்டே வந்துள்ளது. திருமருகலில் 1898-ல் பிறந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடி, இசைத்தட்டின் மூலமாகவே கோயிலும் தேரும் இல்லாத ஊர்களுக்கெல்லாம் சென்றது. 1939-ல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றபின், பிற்காலத்தில் ஊராட்சி அலுவலகத்தில் வைத்த வானொலிப் பெட்டியைச் சுற்றி மாலை வேளையில் ஊரே கூடியதைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். நன்னிலத்திற்கு அண்மையிலுள்ள திருவீழிமிழலையைச் சேர்ந்த சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் 1956-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அக்காலத்தில் ஒரு வித்வானின் பெயர் பரவுவதற்கு வானொலி நிலையத்தாரின் அழைப்பும், சபாக்காரர்களின் தயவும், இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தமும் வேண்டியிருந்தன. இன்று அம்மூன்றும் இல்லாதவரும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே நேரலையாக ஒளிபரப்பலாம். திண்ணையில் வாசிப்பதைக் கேட்க ஆட்களைச் சேர்ப்பது எவ்வாறு என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது திருமணங்களும் திருவிழாக்களும் நின்றன. மேளக்காரர் இல்லங்களில் வருவாயும் நின்றது. அவ்வாண்டு மார்கழியில் சென்னை மியூசிக் அகாடமி தன் கச்சேரிகளை இணையத்தின் வழியாகவே நடத்திற்று. நகரத்துச் சபாக்கள் பல ஒன்றுகூடிக் கட்டணம் பெற்றுக் கச்சேரிகளை ஒளிபரப்பின. வீட்டிலிருந்தபடி காசு கொடுத்துக் கச்சேரி கேட்க ரசிகர் முன்வருவர் என்பது அப்பொழுதே விளங்கிவிட்டது. ஆனால் அந்த ரசிகர் முன்னரே பெயர்பெற்ற வித்வான்களையே நாடினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. கிராமத்து மேளக்காரர் அவர்களோடு போட்டியிடப் புகுந்தால் பயன் சொற்பமே.

ஆகவே, நம்மிடம் மட்டும் உள்ளது யாது என்று முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். கீர்த்தனைகளை நல்ல முறையில் கேட்க விரும்புவோர்க்குச் சென்னைக் கச்சேரிப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் எழும் மல்லாரியை எந்தச் சபா மேடையும் அதன் இயல்பான சூழலில் காட்ட இயலாது. விடியலில் பூபாளம், பள்ளியறைக்குச் செல்லும் வேளையில் நீலாம்பரி, திருமணத்தில் ஊஞ்சலும் நலங்கும், வீதியுலாவில் நான்கு தெரு முனைகளிலும் நின்று வாசிக்கும் ராக ஆலாபனை, இவை யாவும் ஊரோடும் பொழுதோடும் பிணைந்தவை. அயல்நாட்டிலுள்ள நம்மவர் இவற்றைத்தான் தேடுகின்றனர். தம் தெருவின் மூலையில் தேர் திரும்பும் காட்சியும் அப்போது எழும் தவிலோசையும் அவர்களுக்கு வேறெங்கும் கிட்டாது.

எந்த ஊடகத்தில் தொடங்குவது?

புதிதாகத் தொடங்குவோர்க்கு யூடியூப் ஏற்றது என்பது நமது துணிபு. இன்றைய விதிப்படி, கைப்பேசியிலிருந்து நேரலை அனுப்ப அதில் 50 சந்தாதாரர் இருந்தால் போதும். ஊரில் உள்ள உறவினரே அத்தொகையை ஒரே நாளில் நிரப்பிவிடுவர். இன்ஸ்டாகிராமில் 2025 ஆகஸ்டு முதல், 1,000 பேர் பின்தொடர்ந்தாலன்றி நேரலை நடத்த இயலாது. பேஸ்புக்கில் நேரலை நடத்தலாம். ஆனால் 2025 பிப்ரவரிக்குப் பின், நேரலைப் பதிவுகள் 30 நாட்களில் நீக்கப்படுகின்றன. நல்ல பதிவை உடனே இறக்கிச் சேமித்துக்கொள்ளாவிடில் அது போய்விடும். யூடியூப்பில் 12 மணி நேரத்திற்குட்பட்ட நேரலை தானாகவே சேமிக்கப்பட்டுச் சேனலிலேயே தங்கும். மேலும் ஒன்று: முதன்முறை நேரலை வசதியைக் கோரும்போது அது செயற்பட ஒரு நாள் வரை ஆகலாம். திருவிழா அன்று காலையில் கோரிவிட்டு மாலையில் கைபிசையலாகாது. பதினாறு வயது நிரம்பாத மாணவர் தனித்து நேரலை நடத்துவதற்கு 2025 ஜூலை முதல் தடையுண்டு. ஆசிரியரோ பெற்றோரோ உடன் தோன்றுதல் வேண்டும். திருவாரூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், படம் மங்கலாக இருந்தால் ரசிகர் பொறுத்துக்கொள்வர். ஒலி இரைந்தால் அரை நிமிடத்தில் அகன்றுவிடுவர். கைப்பேசியின் ஒலிவாங்கி மனிதர் பேசும் குரலுக்கென அமைந்தது. நாதஸ்வரமோ தேரோடும் வீதியில் ஒலிபெருக்கியின்றிக் கேட்பதற்கென அமைந்தது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் மேல் ஸ்தாயியில் ஒலி உடைந்து கரகரக்கும். எனவே கைப்பேசியை அணைசுக்கு எதிரே வையாமல், பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலான உயரத்தில் தாங்கியில் பொருத்துவது நலம். தவில்காரர் இன்னும் இரண்டடி பின்னே அமரட்டும். வலந்தலையின் ஓசை நாதஸ்வரத்தை விழுங்கும்படி இருத்தலாகாது. பேச்சுக்கென அமைந்த செயலிகளில் இரைச்சல் நீக்கும் வசதி தானாகவே இயங்கும். இடைவிடாது ஒலிக்கும் சுருதியை அது இரைச்சல் எனக் கருதி அழித்துவிடும். ஊரடங்குக் காலத்தில் இணைய வழிப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இத்தொல்லையை நன்கு அறிவர். நேரலைக்கு முன் ஒரு நிமிடம் மேல் ஷட்ஜத்தையும் தவிலின் வேகமான சொற்களையும் சேர்த்து வாசித்துப் பதிவுசெய்து, காதுக்கருவியை அணிந்து கேட்டுப் பார்த்தால் குறை உடனே புலப்படும்.

இணைய வேகமும் கணக்கிடத்தக்கதே. நொடிக்கு 2.5 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரம் அனுப்பினால் ஏறத்தாழ 1.1 ஜிகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் தரும் திட்டத்தை வைத்திருப்பவர், இராகம் முடிந்து பல்லவி தொடங்குமுன் நின்றுபோவார்! மேலும், பகலில் நன்கு கிடைக்கும் வேகம் திருவிழா இரவில் கிடைப்பதில்லை. கூடிய ஆயிரம் பேரின் கைப்பேசிகளும் ஒரே கோபுரத்தையே நம்பியிருக்கும். முந்தின நாள் விழாவின்போது, அதே இடத்தில், அதே மணிக்குச் சோதித்துப் பார்ப்பதே முறை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளை இணைக்கும் நோக்கத்துடன் பாரத்நெட் திட்டத்தின் கீழ்க் கண்ணாடி இழை வடம் போடும் பணி டான்பிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அவ்விணைப்பு உயிருடன் இருப்பின், அதன் அருகே உள்ள கூடத்தில் வாரம் ஒரு மாலை கலைஞர்களுக்கு இடமளிப்பதை மன்றத்தார் பரிசீலிக்கலாம். முன்னாளில் வானொலிப் பெட்டி ஊரின் இசையறிவுக்குச் செய்த தொண்டு போன்றதே இதுவும். அன்று ஒலி ஊருக்குள் வந்தது, இன்று ஊரிலிருந்து புறப்படுகிறது.

ரசிகரைச் சேர்த்தல்

முறை தவறாத நாளும் நேரமும் எல்லாவற்றிலும் தலையாயது. மாதத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, வாரந்தோறும் ஒரே கிழமையில் நாற்பது நிமிடம் வாசிப்பவருக்கே நிலையான ரசிகர் சேர்வர். சனிக்கிழமை மாலை 6.30 மணி ஏற்றது என்று நாம் கருதுகிறோம். அப்போது சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரவு 9 மணி; துபாயில் மாலை 5 மணி; கத்தாரிலும் குவைத்திலும் 4 மணி; லண்டனில் குளிர்காலமாயின் பிற்பகல் 1 மணி. நம் ஊரிலும் வயலிலிருந்து திரும்பிக் கைகால் கழுவி அமரும் நேரம் அதுவே.

மூன்று நாட்களுக்கு முன்பே, ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பை அனுப்புதல் வேண்டும். அதில் ‘நேரலை, காணத் தவறாதீர்’ என்று மட்டும் எழுதினால் எவரும் காணார். வாசிப்பவர் பெயர், ஊர், இன்னின்ன இராகம், எத்தனை மணி என்பவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுக. அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்திலேயே தேடுவர். நேரலை முடிந்த மறுநாள், சிறந்த பகுதி ஒன்றை ஒரு நிமிட அளவில் வெட்டித் தனியே வெளியிட வேண்டும். அறியாத ரசிகர் முதலில் காண்பது இத்துண்டையே. அதிலிருந்துதான் அவர் முழு நேரலைக்கு வருவார். வெளியூர் ரசிகர் எழுதும் கருத்துரைகளுக்கு வாசிப்பவரே விடை கூற இயலாது. வாயில் சீவாளி இருக்கும்போது எங்ஙனம் கூறுவது? வீட்டிலுள்ள ஓர் இளைஞர் அப்பணியை ஏற்று, வந்தவரைப் பெயர்சொல்லி வரவேற்று, கேட்ட இராகத்தைக் குறித்துக்கொள்ளட்டும். கருத்துரை வந்துசேரச் சில நொடிகள் பிடிக்கும் என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் இருபது பேர் மட்டுமே காணக்கூடும். அதனால் சோர்வடைய வேண்டுவதில்லை. நேரலையில் வாராதவர் பின்னர் பதிவைக் காண்பர்.

திரைப்படப் பாடல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர். அவர் கிருதிகளுக்கு எவரும் உரிமை கோர இயலாது. எனினும், யூடியூப்பின் தானியங்கி முறை சிற்சில சமயம் வேறொருவர் இசைத்தட்டோடு ஒப்பிட்டுத் தவறாக உரிமைக் குறிப்பு விதிப்பதுண்டு. அதற்கு மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவர் 30 நாட்களுக்குள் விடையளித்தாக வேண்டும். ஆனால் போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன் அவர்கள் 1973-ல் மறைந்தவராதலின், நம் நாட்டுச் சட்டப்படி அவர் இயற்றியவற்றின் உரிமை 2033 முடியும் வரை உண்டு. திரைப்பாடல்களோ எளிதில் சிக்கிக்கொள்ளும். நாம் வாசிக்காவிடினும், பக்கத்து ராட்டினக் கடையின் ஒலிபெருக்கியில் பாடும் திரைப்பாடலைக் கைப்பேசி பிடித்துக்கொண்டால், நடுவிலேயே நேரலை தடைப்படக்கூடும். மேளம் முடியும்வரை அவ்வொலிபெருக்கியை நிறுத்திவைக்கச் செய்வது விழாக் குழுவினர் கையில்தான் உள்ளது.

கோயிலுக்குள்ளிருந்து ஒளிபரப்புவதற்கு முன் அனுமதி பெறுவது கட்டாயம். கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டுள்ளது. செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். வீதியுலாவை மட்டும் ஒளிபரப்புவதாயின் இத்தடங்கல் குறைவு.

வருவாய் பற்றி வீண் ஆசை ஊட்ட நாம் விரும்பவில்லை. ரசிகர் நேரலையின்போதே பணம் அனுப்பும் வசதியைப் பெற, 500 சந்தாதாரர்களும், ஓராண்டில் 3,000 மணி நேரம் காணப்பெற்ற கணக்கும் வேண்டும். விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரர்களும் 4,000 மணி நேரமும் வேண்டும். அதனை எட்டப் பல மாதங்களாகும். எட்டியபின்னும் விளம்பரத்தால் வரும் பணம் குடும்பத்தைக் காப்பதற்குப் போதாது. உண்மையான பயன் வேறு. நேரலையைக் கண்ட ஒருவர், ‘எங்கள் இல்லத் திருமணத்துக்கு உங்கள் மேளமே வேண்டும்’ என்று அழைப்பதுதான் அது. அவ்வழைப்பு வருவதற்குக் கலைஞரின் பெயரும் தொலைபேசி எண்ணும் திரையிலும் விளக்கக் குறிப்பிலும் இருந்தாக வேண்டும்.

இங்குதான் ஊர்ப் பெரியவர்களிடம் நமக்கு ஒரு குறை உண்டு. திருவிழாக்களை ஒளிபரப்பும் சேனல்கள் பலவற்றில் வாணவேடிக்கைக்காரர் பெயர் வருகிறது. பந்தல் அமைத்தவர், அன்னதானம் அளித்தவர் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. இரண்டு மணி நேரம் நின்றபடி ஊதியவர் பெயர் மட்டும் காணப்படுவதில்லை. பதிவை ஆயிரக்கணக்கானோர் கண்டும் அவர் வீட்டுத் தொலைபேசி ஒலிப்பதில்லை. விழா அழைப்பிதழில் ‘மங்கள வாத்தியம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று அச்சிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. அதே பெயர்களை ஒளிபரப்பின் தலைப்பிலும் இடவேண்டும் என்று படம் பிடிப்பவரிடம் ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடலாம். பதிவின் படி ஒன்றைக் கலைஞருக்குத் தருவதும், அதனை அவர் தம் சேனலில் வெளியிட இசைவளிப்பதும் அவ்வொப்பந்தத்திலேயே சேரட்டும்.

ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்கு 2022-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதனை வாங்கி ஊதுவதற்கு அடுத்த தலைமுறையில் ஆள் இருக்க வேண்டுமல்லவா? வரும் வைகாசி விழாவுக்கு முன் நடைபெறும் கூட்டத்தில், அழைப்பிதழின் வாசகத்தைப் பற்றிப் பேசும்போது மேளக்காரரையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.